வரியும் சிறு வருவாயினரும்: சித்தூர், திருப்பதி வட்டாரங்களை முன்வைத்துச் சில நடைமுறைக் குறிப்புகள்

நாட்டின் வளர்ச்சித் திட்டங்களுக்கு அடித்தளமாக அமைவது வரி வருவாயேயாகும். மைய அரசு திரட்டும் வரிகளில் பகிர்வுக்குரிய தொகுப்பில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியது என்று பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்தது. எனவே திருப்பதியில் ஒரு பாத்திரக் கடைக்காரர் செலுத்தும் வரியின் ஒரு பகுதி, சாலையாகவும் பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் ஆந்திரப் பிரதேசத்துக்கே திரும்பி வருகின்றது. ஆயினும் வரிச் சட்டம் என்றதும் சிறு வணிகரும் மாதச் சம்பளம் பெறுவோரும் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் அறியாமையே காரணம். செலுத்த வேண்டாத வரியைச் செலுத்துவோரும் உண்டு. செலுத்த வேண்டியதை அறியாமல் விட்டுவிட்டுப் பின்னர் வட்டியும் தண்டமுமாகக் கட்டுவோரும் உண்டு. இரண்டும் குடும்பத்துக்கு இழப்பே.

வரி ஏய்ப்பு வேறு. சட்டம் தரும் சலுகைகளை முறையாகப் பயன்படுத்திக்கொள்ளும் வரித் திட்டமிடல் வேறு. சட்ட வரம்புக்குள் திட்டமிடுவது முறையானதே என்றும், போலி ஏற்பாடுகள் அதில் அடங்கா என்றும் உச்ச நீதிமன்றம் 1985 ஆம் ஆண்டில் மெக்டவல் வழக்கின் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. அந்த வரம்புக்குள் நின்று தனிநபரும், வேலைக்கு ஆள் அமர்த்துவோரும், சிறு வணிகரும் செய்யத்தக்கவை எவை என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காணலாம்.

எல்லை வட்டாரத்தின் இயல்பு

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தது, 1939 ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசேயாகும். ஆகவே சித்தூர் வணிகருக்கு விற்பனை வரி என்பது எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கமாகும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவாயிற்று. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் மாற்றப்பட்டன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1957 ஆம் ஆண்டின் ஆந்திரப் பொது விற்பனை வரிச் சட்டம், 2005 இல் வந்த மதிப்புக்கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி எனச் சட்டங்கள் மாறி வந்துள்ளன.

வேலூரும் கோலாரும் சித்தூருக்கு அண்மையில் உள்ளன. தமிழகம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடத்தில் மக்கள் அன்றாடம் எல்லை கடந்து வாங்குகின்றனர், விற்கின்றனர். 2017 க்குப் பிறகு விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் மறைந்துவிட்டன. ஆனால் சட்டத்தின் கண்ணில் எல்லை மறையவில்லை. இந்த வட்டாரத்துச் சிறு வணிகர் இடறும் இடங்களுள் தலையாயது இதுவே.

பதிவு செய்ய வேண்டியவர் யார்?

பொருள்களை மட்டும் விற்போர் ஆண்டு விற்றுமுதல் ரூ. 40 லட்சத்தைத் தாண்டும்போது சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற வேண்டும் என்னும் வரம்பை ஆந்திரப் பிரதேசம் 2019 ஏப்ரல் முதல் ஏற்றுக்கொண்டது. அண்டை மாநிலமான தெலங்கானா ரூ. 20 லட்சம் என்னும் பழைய வரம்பையே தொடர்ந்தது. சேவை வழங்குவோருக்கு வரம்பு ரூ. 20 லட்சமாகும்.

ஆனால் ரூ. 40 லட்சம் என்னும் இந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்போருக்கே உரியது. சித்தூரிலிருந்து வேலூர்க் கடைக்கு வரிக்குரிய சரக்கை அனுப்பும் வணிகர், அவர் விற்றுமுதல் ரூ. 5 லட்சமே ஆனாலும், பதிவு பெற வேண்டியவராகிறார். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும், நிபந்தனைகளுடன், இதில் விலக்கு உண்டு. சேவைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மாநில எல்லை கடந்து சேவை வழங்கினாலும் ரூ. 20 லட்சம் வரை பதிவு வேண்டியதில்லை.

தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் உழவர் பதிவு பெறத் தேவையில்லை. வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டுமே விற்பவருக்கும் பதிவு தேவையில்லை. பச்சை மாங்காய், பழம் ஆகியவற்றுக்கு வரி இல்லையாதலால், அவற்றை மட்டும் வாங்கி விற்கும் மண்டிக்காரர் எவ்வளவு விற்றாலும் அந்த விற்பனைக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

தொகுப்பு வரி முறையும் அதன் கண்ணியும்

காம்பொசிஷன் என வழங்கும் தொகுப்பு வரி முறை சிறு வணிகருக்கு ஏற்றதாகும். ஆண்டு விற்றுமுதல் ரூ. 1.5 கோடிக்கு உட்பட்ட பொருள் வணிகரும் உற்பத்தியாளரும் 1 விழுக்காடும், உணவகத்தார் 5 விழுக்காடும் செலுத்தினால் போதும். சேவை வழங்குவோருக்கு வரம்பு ரூ. 50 லட்சம், வீதம் 6 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18 ஆம் நாளுக்குள் வரி செலுத்தி, ஆண்டுக்கு ஒரு கணக்கறிக்கை அளித்தால் போதுமானது.

எனினும் இம்முறையில் நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. விற்பவர் தம் கையிலிருந்தே செலுத்த வேண்டும். இரண்டாவது, கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள இயலாது. மூன்றாவது, தாம் இம்முறையில் உள்ளவர் என்று கடையிலும் விற்பனைச் சீட்டிலும் அறிவிக்க வேண்டும். நான்காவது, இந்த வட்டாரத்துக்கு மிக முக்கியமானது: வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. வேலூரிலிருந்து வாங்கலாம், வேலூருக்கு விற்கலாகாது. ஒரே ஒரு லாரிச் சரக்கு எல்லை தாண்டினாலும் தகுதி போய்விடும். அன்று முதல் முழு வரியும், தண்டமும் வந்து சேரும்.

திருப்பதிக் கடைகளுக்கு நாள்தோறும் தமிழக, கருநாடகப் பக்தர்கள் வருகின்றனர். அவர்களுக்கு விற்பது வெளிமாநில விற்பனையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. பதிவு பெறாத ஒருவருக்கு விற்கும்போது, சீட்டில் எழுதப்படும் முகவரியே விற்பனை நிகழ்ந்த மாநிலத்தை முடிவு செய்யும் என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் திருத்தப்பட்டது. முகவரி எழுதப்படாவிடில் விற்பவரின் மாநிலமே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே கடைமேசையில் பணம் வாங்கிப் பொருளைக் கையில் கொடுக்கும் சில்லறை விற்பனை உள்மாநில விற்பனையே. வாங்குவோரின் வெளிமாநில முகவரியைச் சீட்டில் எழுதும் வழக்கமுடைய தொகுப்பு முறைக் கடைக்காரர், அதன் விளைவை ஆலோசகரிடம் கேட்டறிந்து கொள்வது நலம்.

ரூ. 50,000 க்கு மேற்பட்ட மதிப்புள்ள வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு வண்டியில் அனுப்பும்போது மின்வழிச் சீட்டு உடன் இருத்தல் வேண்டும். சோதனைச்சாவடி இல்லை என்பதால் சோதனையும் இல்லை என்று கொள்வது பிழை. நடமாடும் அலுவலர் எவ்விடத்திலும் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்.

மாந்தோப்பும் கூழ்த் தொழிற்சாலையும்

சித்தூர்ப் பகுதியின் தோத்தாபுரி மாங்காயைத் தமிழர் கிளிமூக்கு மாங்காய் என்பர். அது பெரும்பாலும் கூழாக்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. தோப்பிலிருந்து தொழிற்சாலை வரை ஒரே காய் பல வரி நிலைகளைக் கடக்கின்றது.

தோப்புக்காரரின் வருமானம் வேளாண் வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் அல்லது வணிகம் போன்ற வேறு வருமானமும் இருந்து, அது வரியற்ற அடிப்படை வரம்பைத் தாண்டினால், ரூ. 5,000 க்கு மேற்பட்ட வேளாண் வருமானம் வரி வீதத்தை முடிவு செய்வதற்காக மட்டும் சேர்த்துக் கணக்கிடப்படும். எனவே தோப்புடைய ஆசிரியர், அலுவலர் ஆகியோர் அந்த வருமானத்தை அறிக்கையில் காட்டாது விடுவது தவறாகும்.

காயைக் கூழாக்கி விற்பது வேளாண்மை ஆகாது; அது தொழில். கூழுக்கு 12 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. அடைக்கும் கலங்கள் முதலிய உள்ளீடுகளுக்கு அதைவிட மிகுந்த வீதத்தில் வரி செலுத்த நேருமாயின், தேங்கும் வரி வரவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். ஏற்றுமதிக்கு வரி சுழியம். உறுதிப் பத்திரம் அளித்துவிட்டு, வரி செலுத்தாமலே அனுப்ப வழியுண்டு. சிறு ஆலைகள் இவ்விரண்டையும் பயன்படுத்தாமல் தம் நடைமுறை மூலதனத்தை முடக்கி வைத்தல் கூடாது.

ரொக்கப் பட்டுவாடாவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு நாளில் ஒருவருக்கு ரூ. 10,000 க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு, வருமானக் கணக்கில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. லாரி போன்ற சரக்கு வண்டி வாடகைக்கு இவ்வரம்பு ரூ. 35,000. விளைவித்த உழவருக்கே நேராகக் கொடுக்கும் விளைபொருள் விலைக்கு விதிகளில் விலக்கு உள்ளது. ஆனால் அதே மாங்காயை இடைத்தரகர் மூலம் வாங்கி அவருக்கு ரொக்கம் தந்தால் விலக்குக் கிட்டாது. ஆகவே ஆலையினர் உழவரின் பெயர், ஊர், எடை, விலை ஆகியன அடங்கிய சீட்டில் கையொப்பம் பெற்று வைத்தல் வேண்டும். இயன்றவரை வங்கி வழியே கொடுத்துவிடுவது உழவருக்கும் பாதுகாப்பு.

ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிமாற்றத்தில் ரொக்கமாகப் பெறுவது தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் விதிக்கப்படலாம். ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனைக் கைமாற்றாக ரொக்கத்தில் வாங்குவதும் தவறு.

சிறு வணிகரின் வருமான வரி: மதிப்பீட்டு முறை

எல்லா வணிகரும் விரிவான கணக்கேடுகள் எழுத வேண்டும் என்பதில்லை. விற்றுமுதல் ரூ. 2 கோடிக்கு உட்பட்டிருந்தால், வங்கி வழியாகவும் மின்னணு முறையிலும் வந்த விற்பனைக்கு 6 விழுக்காடும், ரொக்க விற்பனைக்கு 8 விழுக்காடும் வருமானம் என்று மதிப்பிட்டு வரி செலுத்தலாம். மொத்த வரவில் ரொக்கம் 5 விழுக்காட்டைத் தாண்டாவிடில் வரம்பு ரூ. 3 கோடி. உண்மை வருமானம் அதைவிட மிகுதியாக இருப்பின் மிகுதியையே காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, திருப்பதியில் ஒரு பாத்திரக் கடையின் ஆண்டு விற்பனை ரூ. 60 லட்சம் எனக் கொள்வோம். அதில் ரூ. 45 லட்சம் மின்னணு வரவு; ரூ. 15 லட்சம் ரொக்கம். முன்னதில் 6 விழுக்காடு ரூ. 2,70,000, பின்னதில் 8 விழுக்காடு ரூ. 1,20,000, ஆக மொத்தம் ரூ. 3,90,000. முழுவதும் ரொக்கமாக இருந்தால் ரூ. 4,80,000 ஆகியிருக்கும். மின்னணு வரவால் மதிப்பிடப்படும் வருமானம் ரூ. 90,000 குறைகின்றது. அதே கடைக்காரர் தொகுப்பு வரி முறையில் இருந்தால், அவர் செலுத்தும் சரக்கு மற்றும் சேவை வரி ஆண்டுக்கு ரூ. 60,000.

இம்முறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. தரகுத் தொகை பெறும் மண்டிக் கமிஷன் வியாபாரிக்கும் முகவருக்கும் இச்சலுகை இல்லை. அவர்கள் கணக்கேடு வைத்தே தீர வேண்டும். ஒருமுறை இம்முறையைத் தேர்ந்து, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கைவிட்டால், பிறகு ஐந்து ஆண்டுகள் மீண்டும் நுழைய முடியாது. முன்வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை. மார்ச்சு 15 க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

மருத்துவர், வழக்குரைஞர், பொறியாளர், கணக்காளர் முதலியோருக்கு வரவில் 50 விழுக்காடு வருமானமாக மதிப்பிடப்படும், வரம்பு ரூ. 50 லட்சம். ரொக்கம் 5 விழுக்காட்டுக்கு உட்பட்டால் ரூ. 75 லட்சம். பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை உடையவர்க்கு வண்டிக்கு மாதம் இவ்வளவு என்னும் தனிமுறை உண்டு. பக்தர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் சரக்கு வண்டி அன்று. ஆதலால் அதன் உரிமையாளர் மேற்கூறிய 6, 8 விழுக்காட்டு முறையையே நாட வேண்டும்.

தங்கும் விடுதிகள்

திருப்பதியின் பொருளாதாரத்தில் தங்கும் விடுதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் நாள் வாடகை ரூ. 1,000 க்குக் குறைவான அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. கோயில் வழங்கும் பிரசாதத்துக்கும் வரி இல்லை. இந்த விலக்கு தனியார் லாட்ஜுக்குப் பொருந்தாது. முன்னர் ரூ. 1,000 வரையிலான அறைகளுக்குப் பொதுவாக இருந்த விலக்கு 2022 ஜூலை 18 அன்று நீக்கப்பட்டது.

ரூ. 7,500 வரையிலான அறைகளுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் உள்ளீட்டு வரி வரவின்றி 5 விழுக்காடாகியது. விருந்தினருக்கு இது நன்மை. ஆனால் விடுதி நடத்துவோர் படுக்கை, வண்ணப்பூச்சு, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றுக்குச் செலுத்தும் வரியை இனிக் கழிக்க இயலாது. அது செலவில் சேரும். ஆதலால் வாடகையை மறுகணக்கிடுவது தேவையாகின்றது. ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்கும் ரூ. 50 லட்சத்துக்கும் இடைப்பட்ட சிறு விடுதிகள், கையிலிருந்து 6 விழுக்காடு செலுத்தும் தொகுப்பு முறையை விட, விருந்தினரிடம் 5 விழுக்காடு பெற்றுச் செலுத்தும் சாதாரண முறை ஏற்றதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அறிக்கைகளின் எண்ணிக்கை கூடும் என்பது மட்டுமே அதன் குறை.

மாதச் சம்பளம் பெறுவோர்

2025-26 நிதியாண்டுக்குரிய புதிய வரி முறையில் முதல் ரூ. 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு ரூ. 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 விழுக்காடும், ரூ. 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடும் வரியாகும். வரிக்குரிய வருமானம் ரூ. 12 லட்சத்தைத் தாண்டாதவர்க்கு ரூ. 60,000 வரை தள்ளுபடி உண்டு. சம்பளதாரருக்கு நிலைக்கழிவு ரூ. 75,000. ஆகவே ரூ. 12,75,000 சம்பளம் வரை வரி இல்லை.

சம்பளம் ரூ. 13,00,000 எனில் என்ன ஆகும்? நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் ரூ. 12,25,000. வீதப்படி வரி ரூ. 63,750. ஆனால் ரூ. 12 லட்சத்தைத் தாண்டிய தொகை ரூ. 25,000 மட்டுமே, தாண்டியதை விட மிகுதியான வரி விதிக்கப்படாது என்னும் விளிம்பு நிவாரணத்தால் வரி ரூ. 25,000 ஆகக் குறையும். 4 விழுக்காடு மேல்வரி சேர்த்து ரூ. 26,000.

இதே சம்பளத்துக்குப் பழைய முறையில் நிலைக்கழிவு ரூ. 50,000, சேமிப்பு ரூ. 1,50,000, வீட்டுக் கடன் வட்டி ரூ. 2,00,000, மருத்துவக் காப்பீடு ரூ. 25,000 கழித்தாலும் மேல்வரி நீங்கலாக ரூ. 87,500 வரி வரும். எனவே சேமித்தால் வரி குறையும் என்னும் பழைய எண்ணத்தில் கண்ணை மூடிக்கொண்டு பழைய முறையைத் தேர்வது சரியன்று. சேமிப்பு அவசியமே, அதற்கு வரிச்சலுகை ஒன்றே காரணமாக இருத்தல் வேண்டா. வணிக வருமானம் இல்லாத சம்பளதாரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வணிகருக்கு அந்த உரிமை மிகக் குறுகியது.

கோயில் அறக்கட்டளைகளுக்கு வழங்கும் நன்கொடை பற்றியும் தெளிவு தேவை. தகுதி பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கான கழிவு பழைய முறையில் மட்டுமே கிடைக்கும். அதிலும் ரூ. 2,000 க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கழிவில்லை. உண்டியலில் இடும் காணிக்கைக்கு இரசீது இல்லை. ஆகவே கழிவும் இல்லை. அது பக்தியின்பாற்பட்டதே தவிர வரிக்கணக்கின்பாற்பட்டதன்று.

நிலம் விற்போர்

திருப்பதியைச் சூழ்ந்த வயல்கள் மனைகளாக மாறி வருகின்றன. ஊரகப் பகுதியில் உள்ள வேளாண் நிலத்தை விற்றுப் பெறும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எது ஊரகம் என்பதை நகராட்சியின் மக்கள்தொகை முடிவு செய்கின்றது. மக்கள்தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள நகரெனில், அதன் எல்லையிலிருந்து ஆகாய வழியில் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சித்தூரும் திருப்பதியும் இவ்வகையைச் சேர்ந்தவை. சாலைத் தொலைவைக் கொண்டு கணக்கிட்டு ஏமாறுதல் கூடாது. நிலத்தைச் சட்டப்படி மனையாக மாற்றியபின் விற்றால் இவ்விலக்கை எதிர்பார்க்க முடியாது. விற்பனைக்கு முன்னரே வருவாய்த்துறையிடம் தொலைவுச் சான்றும், பயிர் செய்ததற்கான அடங்கல் நகலும் பெற்று வைத்தால், பின்னர் எழும் வழக்கைத் தவிர்க்கலாம்.

வேலைக்கு ஆள் அமர்த்துவோரின் கடமைகள்

பத்துப் பேர் பணிபுரியும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் உரிமையாளரும் அரசுக்காக வரி திரட்டுபவரே. சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 7 ஆம் நாளுக்குள்ளும், மார்ச்சு மாதத்துக்குரியதை ஏப்ரல் 30 க்குள்ளும் செலுத்த வேண்டும். பிடிக்கத் தவறினால் மாதத்துக்கு 1 விழுக்காடும், பிடித்துவிட்டுச் செலுத்தாவிடில் 1.5 விழுக்காடும் வட்டியாகும். பிடித்த பணம் பிறருடையது. அதைத் தம் தொழிலுக்குச் சில நாள் பயன்படுத்திக்கொள்வது குற்ற வழக்குக்கும் இடம் தரும். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம். எந்த வரி முறை வேண்டும் என்று பணியாளர் தெரிவிக்காவிடில் புதிய முறைப்படியே பிடித்தம் செய்ய வேண்டும்.

ஆந்திரப் பிரதேசத்தில் 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் வரி உண்டு. மாதச் சம்பளம் ரூ. 15,000 வரை வரி இல்லை, ரூ. 20,000 வரை மாதம் ரூ. 150, அதற்கு மேல் ரூ. 200. ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ. 2,500 க்கு மேல் இவ்வரி வசூலிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் வரம்பாகும். இருபது பேர் முதல் வருங்கால வைப்புநிதியும், பத்துப் பேர் முதல் தொழிலாளர் ஈட்டுறுதியும் பொருந்தும். இரண்டுக்கும் மாதாந்தக் கெடு அடுத்த மாதம் 15 ஆம் நாள். 2019 ஜூலை முதல் ஈட்டுறுதிக்கு உரிமையாளர் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு.

சிறு, குறு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குவோருக்கும் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள்ளும், இருப்பின் அதிகப்பட்சம் 45 நாளுக்குள்ளும் தர வேண்டும். தவறினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். பெரிய ஆலைக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் சிறு தொழில் முனைவோர், உத்யம் பதிவு எண்ணைத் தம் பட்டியலில் அச்சிட்டால் இப்பாதுகாப்பு கிட்டும்.

கெடு தேதிகளும் தற்காப்பும்

1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அமையும் 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதாகும். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்னும் குழப்பம் நீங்கி, வரி ஆண்டு என்னும் ஒரே சொல் வருகின்றது. பிரிவு எண்கள் மாறினும் மேற்கூறிய அடிப்படைகள் பெரும்பாலும் மாறவில்லை.

சம்பளதாரர் வருமான அறிக்கை அளிக்கச் சாதாரணக் கெடு ஜூலை 31. அறிக்கை எழுதுமுன், ஆண்டுத் தகவல் அறிக்கையை வருமான வரி இணையதளத்தில் பார்த்து, வங்கி வட்டி, நிலப் பதிவு, பங்கு விற்பனை ஆகியன தம் கணக்கோடு ஒத்துள்ளனவா என்று சரிபார்த்தல் வேண்டும். தவறு நேர்ந்துவிட்டதாகப் பின்னர் உணர்ந்தால், கூடுதல் வரியுடன் புதுப்பித்த அறிக்கை அளிக்க 2025 முதல் 48 மாதம் வரை இடமுண்டு. தானே முன்வந்து செலுத்துவது, நோட்டீஸ் வந்தபின் செலுத்துவதைவிட என்றும் மலிவானது.

சரக்கு மற்றும் சேவை வரியில், சரக்கு விற்றவர் தம் அறிக்கையில் அந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரி வரவு கிட்டும். ஆகவே மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காக, அறிக்கை அளிக்காத வணிகரிடம் வாங்குவது இறுதியில் நட்டமாகும். கணக்குகளை, ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் காத்தல் வேண்டும்.

வரித்துறையின் பெயரால் போலிக் கடிதங்களும் செய்திகளும் வருவதுண்டு. 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருத்தல் வேண்டும். அதை இணையதளத்தில் சரிபார்த்த பின்னரே பதில் எழுத வேண்டும். உண்மையான நோட்டீஸ் எனின், அஞ்சி ஒளித்து வைக்காமல் குறித்த நாளுக்குள் விடையளிப்பதே அறிவுடைமை.

அலுவலர்க்கும் இதில் கடமை உண்டு. தெலுங்கும் தமிழும் வழங்கும் இந்த எல்லை வட்டாரத்தில் எளிய மொழியில் விளக்கக் குறிப்புகள், மாங்காய்ப் பருவத்துக்கு முன் மண்டிகளில் விளக்கக் கூட்டங்கள், தொகுப்பு முறையைத் தேர்வதற்கான மார்ச்சு 31 கெடுவுக்கு முன் அறிவிப்புகள் ஆகியவை பல வழக்குகளை எழாமலே தடுக்கும். 2020 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட வரி செலுத்துவோர் சாசனம், வரி செலுத்துபவரை நேர்மையானவராகவே கருத வேண்டும் என்று துறைக்கு விதிக்கின்றது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக வணிகர் தர வேண்டியது, ஒழுங்கான ஒரு கணக்குப் புத்தகமும் நாள் தவறாத ஓர் அறிக்கையுமேயாகும்.